முப்பத்தெட்டு புள்ளி ஏழில் ஒரு குழந்தைகூட இல்லை

மே 31 வந்தால் போதும். உலகப் புகையிலை எதிர்ப்பு நாள் என்று பேனர் கட்டுவார்கள். நர்சிங் கல்லூரிப் பிள்ளைகளை வெயிலில் ஊர்வலம் விடுவார்கள். உறுதிமொழி, போட்டோ, ஆளுக்கொரு குளிர்பானம். அப்புறம் மைக் பிடிக்கிற பெரியவர் ஒருவர் புள்ளிவிவரத்தை எடுத்து விடுவார். இந்தியாவில் வீட்டுக்குள்ளே அடுத்தவர் புகையைச் சுவாசிக்கிறவர்கள் 52.3 சதவீதம் இருந்தார்கள், அது 38.7 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்பார். கைதட்டல்.

எனக்கு அந்தக் கைதட்டலோடுதான் தகராறு. எண் பொய் இல்லை. ஆனால் அந்த எண் யாரை அளந்தது, எதை அளந்தது என்று ஒருத்தரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

முதலில் எண்ணின் ஜாதகம். உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது. சுருக்கமாக கேட்ஸ் (பில் கேட்ஸின் பேருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை). இந்தியாவில் முதல் சுற்று 2009–10ல் நடந்தது, மும்பையில் இருக்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்தியது. 69,296 பேரிடம் நேரில் போய்க் கேட்டார்கள். இரண்டாவது சுற்று 2016–17ல், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் நடத்தியது. 74,037 பேர். இரண்டுக்கும் நடுவில் புகையிலையை ஏதோ ஒரு வடிவில் பயன்படுத்துகிறவர்கள் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 சதவீதமாகக் குறைந்தார்கள். ஜனத்தொகை ஏறியும், தலைக்கணக்கில் 81 லட்சம் பேர் குறைவு. நல்ல விஷயம், மறுக்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். “சர்வேயாவது மண்ணாவது, ரூமுக்குள்ளே உட்கார்ந்து நிரப்பியிருப்பானுங்க” என்று எதற்கெடுத்தாலும் உதறித்தள்ளுகிற கோஷ்டியில் நான் இல்லை. இந்தக் கணக்கெடுப்பு ஒழுங்காகத்தான் நடந்தது. கையடக்கக் கணினியை வைத்து வீட்டில் இருக்கிறவர்களைப் பட்டியல் போட்டு, அதில் யாரிடம் கேட்க வேண்டும் என்பதைக் கணினியே குலுக்கிப் போட்டு எடுத்தது. கதவைத் திறக்கிறவரிடம் கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிற வேலை இல்லை.

இதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்த்தால் இதன் அருமை புரியும். 1998–99ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் இரண்டாவது சுற்றில், வீட்டில் ஒருவரிடம் கேட்டே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதிக்கொண்டார்கள். அம்மாவிடம் போய் “உங்க பையன் தம் அடிப்பானா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “சேச்சே, எம்புள்ளை டீகூட குடிக்க மாட்டான்.” அதையும் மீறி ஆண்களில் 47 சதவீதம் என்று வந்ததே ஆச்சரியம்.

ஆக, என் புகார் கருவியைப் பற்றியது இல்லை. அந்தக் கருவி பார்க்காத இடங்களைப் பற்றியது.

முதல் இடம் குழந்தை. பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், வயதுவந்தோர் கணக்கெடுப்பு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டும். ஆகவே வீட்டுப் புகைக்கு ஆளானவர்கள் 38.7 சதவீதம் என்றால், 15 வயதைத் தாண்டியவர்களில் 38.7 சதவீதம். தொட்டிலில் கிடக்கிறது, தவழ்கிறது, ஒண்ணாம் கிளாஸ் போகிறது, எதுவுமே அதில் கிடையாது. அதைவிடக் கூத்து, புகைபிடிக்கிறவரே அதில் உண்டு! தன் வீட்டில் தானே பீடி பற்றவைக்கிற மனுஷனும் ‘வீட்டுப் புகைக்கு ஆளானவர்’ கணக்கில் வருவார், அவர் மடியில் உட்கார்ந்திருக்கிற பேத்தி வரமாட்டாள்.

புகைபிடிக்காதவர்களை மட்டும் தனியாகப் பிரித்தும் அறிக்கையில் கொடுத்திருக்கிறார்களே என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். அதிலும் வயது 15தான்.

பெரியவர்கள் கணக்கை வைத்துக் குழந்தைகள் கணக்கை யூகித்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். கூடாது. அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2011–12ல் புகைபிடிக்காதவர்கள் மொத்தத்தில் 25.3 சதவீதம் பேர் உடம்பில் அடுத்தவர் புகையின் தடயம் இருந்தது. 3 முதல் 11 வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் 40.6 சதவீதம். கிட்டத்தட்ட ஐந்துக்கு இரண்டு. பெரியவர் எழுந்து வெளியே போகலாம், ஜன்னலைத் திறக்கலாம், சண்டை போடலாம். குழந்தை எங்கே போகும்? மொத்தச் சராசரியைக் காட்டிக் கைதட்டு வாங்கினால் இந்தப் பதினைந்து சதவீத வித்தியாசம் அப்படியே விழுங்கப்பட்டுவிடும். அங்கேயாவது அளந்ததால் தெரிந்தது.

அடுத்தது கேள்வி. உங்கள் வீட்டுக்கு உள்ளே யாராவது எவ்வளவு அடிக்கடி புகைபிடிக்கிறார்கள்? தினமுமா, வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா, அதைவிடக் குறைவா, இல்லவே இல்லையா? மாதம் ஒருமுறையாவது என்று வந்தால் அந்த ஆள் கணக்கில் ஏறுவார். தினமும் ஒரு கட்டு பீடி ஊதுகிற வீடும், மாதத்துக்கு ஒருநாள் மச்சான் வந்து ஒரு சிகரெட் பிடித்துவிட்டுப் போகிற வீடும் அந்தச் சதவீதத்தில் ஒரே எடை.

‘உள்ளே’ என்பதில் இன்னொரு சிக்கல். திண்ணை உள்ளேயா வெளியேயா? நம்மூரில் யாரைக் கேட்டாலும் வெளியே என்பார்கள். ஒற்றை அறை வீடு, வாசல்படியில் உட்கார்ந்து தம் அடித்தால் புகை நேரே கட்டிலுக்குத்தான் போகும். ஆனால் அவர் ‘வீட்டுக்குள்ளே’ பிடிப்பதில்லை. மனசாட்சிப்படியே சொல்லலாம். நகரத்தில் அதற்குப் பேர் பால்கனி.

இப்போது இன்னொரு எண்ணைக் காட்டுகிறேன். மேடையில் இதைச் சொல்லமாட்டார்கள். உள்ளரங்கில் வேலை செய்கிறவர்களில், வேலையிடத்தில் புகைக்கு ஆளானவர்கள் 2009–10ல் 29.9 சதவீதம். 2016–17ல் 30.2. குறையவே இல்லை. யோசித்துப் பாருங்கள். பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் புதிய விதிகளோடு அமலுக்கு வந்தது, அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது. 200 ரூபாய் அபராதம். வேலையிடம் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது, வீடு வரவில்லை. சட்டம் இருக்கிற இடத்தில் குறையாத புகை, சட்டமே நுழையாத இடத்தில் ஏழு வருஷத்தில் பதிமூன்று சதவீதப் புள்ளிக்கு மேல் எப்படி இறங்கியது?

ஒரு பங்கு நிஜமான இறக்கம். புகைபிடிக்கிறவர்களே 14.0 சதவீதத்திலிருந்து 10.7க்கு வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் பிடிக்கக்கூடாது என்ற எண்ணமும் பரவியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் இன்னொரு பங்கு பதிலில் நடந்த மாற்றமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். 2012 அக்டோபரிலிருந்து தியேட்டரில் படத்துக்கு முன்னாடியும் இடைவேளைக்கு அப்புறமும் எச்சரிக்கைப் படம் ஓடுகிறது. எது ‘சரியான பதில்’ என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வந்து கேட்கிறவரிடம், பிள்ளை இருக்கிற வீட்டில் தினம் புகை என்று எந்த அம்மா வாயைத் திறந்து சொல்வாள்? பிரச்சாரம் எவ்வளவு ஜெயிக்கிறதோ அவ்வளவுக்கு இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வருவது கஷ்டமாகும். அடுத்தடுத்த சுற்றுகளில் எண் இன்னும் இறங்கும். எவ்வளவு புகை இறங்கியது, எவ்வளவு வெட்கம் ஏறியது என்று பிரித்துச் சொல்ல கையில் எதுவும் இருக்காது.

வேலையிடக் கேள்வியிலும் ஒரு ஓட்டை. முதலில், நீங்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்றால் அந்தப் பகுதியையே தாண்டிப் போய்விடுவார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போய்ப் பாருங்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்களா? இல்லை. பக்கத்திலேயே குழந்தை தூங்கும். புகையிலைத் தூள் பாயில், தலையணையில், சோற்றுத் தட்டில் எல்லாம் இருக்கும். நாள் முழுக்கப் புகையிலையோடு கிடக்கிற அந்த வீடு, யாரும் பற்றவைக்கவில்லை என்றால் இந்தக் கணக்கெடுப்புக்குச் சுத்தமான வீடு. புகையைத்தானே கேட்டோம், தூளைக் கேட்கவில்லையே என்பார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன்.

பெண்கள் என்றதும் இன்னொன்று. கேட்ஸ் இரண்டாம் சுற்றில் புகையிலை பயன்படுத்தும் பெண்கள் 14.2 சதவீதம். அதே காலத்தை ஒட்டி, 2015–16ல் நடந்த குடும்பநலக் கணக்கெடுப்பில் 6.8. எது நிஜம்? இரண்டும் நிஜம்! குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களில் 15 முதல் 49 வயது வரைதான் பேட்டி எடுக்கும், பிள்ளை பெறுகிற வயசு என்று. வெத்தலையை இடித்து, ஒரு கிள்ளு புகையிலை வைத்து அதக்குகிற பாட்டிக்கு 49 எப்போதோ தாண்டிவிட்டது. 2019–21 சுற்றில் பெண்களின் வயது வரம்பை 15க்கு மேல் எல்லோரும் என்று விரித்துக் காட்டினார்கள். 15–49ல் 4 சதவீதமாக இருந்தது, விரித்ததும் 8.9 ஆகிவிட்டது. இரண்டு மடங்குக்கு மேல். பாட்டியைச் சேர்த்தால் ஒரு நாடு, சேர்க்காவிட்டால் வேறொரு நாடு. அதிலும் இந்த விரித்த எண், வீட்டில் ஒருவரிடம் மற்றவர்களைப் பற்றிக் கேட்டு வாங்கிய பதில். மறுபடி 1998க்கே வந்து நிற்கிறோம்.

மறைப்பது நம்மூருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. தென்கொரியாவில் தேசியக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன அதே ஆட்களின் சிறுநீரையும் சோதித்துப் பார்த்தார்கள். ஆண்கள் சொன்னதும் சோதனை சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்று. பெண்களில், வாயால் ஒப்புக்கொண்டவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பேர் சோதனையில் மாட்டினார்கள். பெண் புகைபிடிப்பது கேவலம் என்று நினைக்கிற சமூகத்தில் அப்படித்தான் ஆகும். நாம் அந்த விஷயத்தில் கொரியாக்காரனுக்கு அண்ணன்.

அந்தச் சோதனை என்ன? உடம்புக்குள் போன நிகோடினைக் கல்லீரல் உடைத்து கோட்டினின் என்ற பொருளாக்குகிறது (நிகோடினின் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிப் போட்டால் கோட்டினின் வரும், எழுதிப் பாருங்கள்). நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும், கோட்டினின் பாதியாக ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகும். ஆக, இரண்டு மூன்று நாளுக்கு முன்னால் உறிஞ்சிய புகைகூட ரத்தத்தில், எச்சிலில், சிறுநீரில் காட்டிக்கொடுத்துவிடும். விறகடுப்புப் புகையில் நிகோடின் கிடையாது என்பதால் அடுப்பு வேறு, பீடி வேறு என்று பிரித்தும் சொல்லிவிடும். நம் கிராமங்களுக்கு இது ரொம்ப முக்கியம். அமெரிக்காவில் தேசிய உடல்நல, உணவுக் கணக்கெடுப்பில் 1988லிருந்து இதைப் பார்க்கிறார்கள். அப்போது புகைபிடிக்காதவர்களில் 88 சதவீதம் பேர் உடம்பில் தடயம் இருந்தது. 2013–14ல் கால்வாசி. இதற்குத் தட்டலாம் கை. யாரும் வாயால் சொன்ன பதில் இல்லை இது.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். “சார், அது அமெரிக்கா. நம்மகிட்ட அவ்ளோ காசு எங்க இருக்கு? வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்க முடியுமா?”

எடுத்தாகிவிட்டதே ஐயா! அதைத்தான் சொல்ல வந்தேன்.

குடும்பநலக் கணக்கெடுப்பின் மூன்றாவது சுற்றிலேயே, 2005–06ல், பெரியவர்களின் விரலில் குத்தி ஒரு அட்டையில் சொட்டவைத்து, உலர்த்தி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி எச்.ஐ.வி. பார்த்தார்கள். ரத்தசோகைக்காக ஆறு மாசத்துக் குழந்தையிலிருந்து ஐந்து வயதுக்கு உட்பட்டவை வரை குத்தி ரத்தம் எடுத்தார்கள். 2019–21 சுற்றில் அந்த வயதுக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று நமக்குத் தெரிந்தது அப்படித்தான். 2016–18ல் தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. அது முழுக்கக் குழந்தைகளுக்கும் விடலைகளுக்கும் ஆனது. 51,000க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் ரத்தமும் சிறுநீரும் சேகரித்து, இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ, டி, அயோடின் என்று ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். அதே சிறுநீரில் கோட்டினின் பார்த்திருந்தால் போதும், இந்தியக் குழந்தை எவ்வளவு புகை குடிக்கிறது என்று நமக்கு எண் கிடைத்திருக்கும். யாரையும் புதிதாகக் குத்த வேண்டியதில்லை. அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அம்மாவைக் கெஞ்ச வேண்டியதில்லை.

பார்க்கத் தோன்றவில்லை. ஏனென்றால் புகையிலை ஒரு இலாகா, ஊட்டச்சத்து இன்னொரு இலாகா. புகையிலைக்காரர்கள் கேள்வித்தாளோடு போவார்கள், ஊட்டச்சத்துக்காரர்கள் ஊசியோடு போவார்கள். இரண்டு பேரும் ஒரே அமைச்சகம், ஆனால் ஒரே வீட்டு வாசலில் சந்தித்துக்கொள்ளமாட்டார்கள். குடும்பநலக் கணக்கெடுப்பின் ஆறாவது சுற்றில் ரத்தசோகைச் சோதனையை எடுத்துவிட்டு, அதைத் தனி ஆய்வாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம் விட்டார்கள். அங்கே விரலில் குத்துவது இல்லை, நரம்பில் ஊசி போட்டு எடுப்பது. இன்னும் நல்ல மாதிரி. அதிலாவது ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்று புகையிலைப் பிரிவு ஒரு கடிதம் எழுதினால் குறைந்தா போகும்?

நியாயமான ஆட்சேபணை ஒன்று உண்டு. கோட்டினினுக்கு பீடி தெரியாது, ஹான்ஸ் தெரியாது, வெத்தலைப் புகையிலை தெரியாது. மெல்லுகிறவர் உடம்பிலும் அது ஏகத்துக்கு இருக்கும். மெல்லுகிறவர்கள் புகைக்கிறவர்களைப் போல இரண்டு மடங்கு இருக்கிற நாட்டில் (21.4 சதவீதம், 10.7 சதவீதம்) பெரியவர்களைச் சோதித்து அடுத்தவர் புகையைக் கண்டுபிடிப்பது குழப்பம்தான். அதனால்தான் குழந்தை என்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை ஹான்ஸ் போடாது. தாய்ப்பால் வழியாக வரலாம், அம்மா புகையிலை போடுகிறவளாக இருந்தால். பால் மறந்த பிள்ளைகளை மட்டும் எடுங்கள், தீர்ந்தது. பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளையிடம் தூள் வழியாக வரும். அது வரட்டும், அதுவும் தெரியவேண்டியதுதானே. அந்தத் தொழில் நடக்கிற வீடா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் பிரித்துவிடலாம்.

இன்னொன்று, வீட்டில் மானம் போய்விடுமே என்பது. எச்.ஐ.வி. சோதனையையே பெயர் இல்லாமல், எண் மட்டும் ஒட்டி, யாருடையது என்று தெரியாதபடி நடத்திக்காட்டிய நாடு இது. புகைக்கு முடியாதா?

எவ்வளவு செலவு என்று கேட்பவர்களுக்கு: ஆறு லட்சத்துச் சொச்சம் வீடுகளுக்குப் போகிற கணக்கெடுப்பில் எல்லா வீட்டிலும் செய்யச் சொல்லவில்லை. மாநிலத்துக்குச் சில நூறு பிள்ளைகள் போதும், கேள்வி சொல்லும் சதவீதத்துக்கும் ரத்தம் சொல்லும் சதவீதத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிடலாம். அந்த இடைவெளி தெரிந்தால், இனிமேல் வாயால் கேட்கிற சர்வேக்களையும் எப்படித் திருத்திப் படிப்பது என்று தெரியும். இடைவெளியே இல்லை என்று வந்தால் நானும் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கை தட்டுகிறேன் :-)

பி.கு.: நாடு பூராவும் குறைந்தது, தமிழ்நாடு எப்படி என்று கேட்கிறவர்களுக்கு. அதே இரண்டு சுற்றுகளில் இங்கே புகையிலை பயன்படுத்துகிறவர்கள் 16.2 சதவீதத்திலிருந்து 20.0 சதவீதமாகக் கூடினார்கள். நாடு இறங்கிய வருஷங்களில் ஏறிய சில மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. 2013ல் குட்காவுக்குத் தடை போட்ட மாநிலம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.